நான்கு விநாடிக் குடிமகன்

மனித குலம் தன் நெடிய வரலாற்றில் மூன்றே முறைதான் முன்னேறியிருக்கிறது: நெருப்பை மூட்டக் கற்றபோது, சக்கரத்தை உருட்டக் கற்றபோது, ஒருவாசல் இணையதளம் திறக்கப்பட்டபோது. இப்படிச் சொன்னவர் ஒருவாசல் ஆணையத்தின் தலைவர் முனைவர் பரந்தாமன். சொன்னதோடு நிற்காமல், சோழிங்கநல்லூரில் இருக்கும் ஆணையத்தின் ஏழு மாடிக் கட்டடத்து வாசலில் கறுப்புக் கிரானைட்டில் செதுக்கியும் வைத்துவிட்டார். அந்தக் கல்லுக்குக் கீழே செலோடேப் போட்டு ஒரு தாள் ஒட்டியிருந்தது: ‘லிஃப்ட் வேலை செய்யாது. படியைப் பயன்படுத்தவும்.’ கல்லுக்கு வயது பத்து. தாளுக்கு எட்டு.

ஏழாவது மாடியில் ஜெனோவா இருந்தாள். தூத்துக்குடிக்காரி, முப்பத்து நான்கு வயது, ஒப்பந்த ஊழியர். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள். வெளியிலும் அந்தப் பழக்கம் விடவில்லை. மல்லிகைப்பூ வாங்கினால் பூக்காரி அளந்த முழத்தைத் தன் கையால் மறுபடி அளப்பாள். படிக்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை, படிக்காமல் எந்தக் கட்டத்திலும் டிக் போட்டதில்லை என்பது அவள் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பெருமை. சொல்லிக்கொள்வதற்கு வாய்ப்புக் கிடைக்காத நாட்களில் வாய்ப்பை அவளே உண்டாக்கிக்கொள்வாள்.

பிறப்புச் சான்றிதழிலிருந்து இறப்புச் சான்றிதழ் வரை, நடுவில் ஒரு மனிதனுக்கு நேரக்கூடிய அத்தனையும் ஒருவாசலில்தான். இருநூற்றுப் பன்னிரண்டு துறைகள், நாற்பத்தொரு லட்சம் பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் ‘டேக்’ என்று சொல்லப்படும் சின்னச் சின்ன நிரல்கள் ஒளிந்திருக்கும். யார் வந்தார், எவ்வளவு நேரம் இருந்தார், எதைத் தொட்டார் என்று பார்த்து எங்கோ போய்க் கோள் சொல்லுவதுதான் அவற்றின் வேலை. அந்தக் கோள்சொல்லிகள் ஒழுங்காகக் கோள் சொல்லுகின்றனவா என்று தணிக்கை செய்வது ஜெனோவாவின் வேலை.

ஆணையத்தின் அங்கீகாரப் பட்டியலில் பதினேழு டேக்குகள் இருந்தன. இறப்புச் சான்றிதழை ஒருவர் தரவிறக்கியதும் ‘இலக்கு எட்டப்பட்டது, வாழ்த்துகள்’ என்று பதிவு செய்யும் டேக் அவற்றில் ஒன்று. ஐந்து ஆண்டுகளுக்கு முன் மூடிவிட்ட ஒரு பட்டுப்புடவைக் கடைக்கு இன்னமும் விசுவாசமாகத் தகவல் அனுப்பும் டேக் இன்னொன்று. தணிக்கை என்றால் இந்தப் பதினேழும் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான். இருக்கக் கூடாதது ஏதாவது இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை, அதனால் யாரும் பார்த்ததும் இல்லை. இந்த ஆண்டு பத்தாம் ஆண்டு விழா வருகிறது. ‘அனைத்து டேக்குகளையும் எண்ணித் தரவும்’ என்று ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ‘பதினேழையும்’ என்ற பொருளில்தான் எழுதியிருப்பார். ஜெனோவா எண்ணினாள்.

பதினெட்டு வந்தது.

மறுபடி எண்ணினாள். பதினெட்டு. நாற்பத்தொரு லட்சம் பக்கங்களிலும், ஊழியர்கள் மட்டும் நிரப்பும் உள்படிவங்களில்கூட, அந்தப் பெயரில்லாத ஒன்று உட்கார்ந்திருந்தது. அது பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான்: விரலோ சுட்டியோ ஒரு கட்டத்தின் முன் எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது என்பதை.

*

ஆணையத்தின் ஊழியர் வேனை ஓட்டியவர் தணிகாசலம். வயது ஐம்பத்திரண்டு, ஊர் வியாசர்பாடி. காலையில் ஏழரை, மாலையில் ஐந்து. ஐந்து என்றால் ஐந்து. ஐந்து மணி ஒரு நிமிடத்துக்கு ஓடி வருகிறவர்களுக்குப் பின்பக்கக் கண்ணாடியில் அவருடைய சிரிப்பு மட்டும் தெரியும். ஏறியதிலிருந்து இறங்கும்வரை பேசிக்கொண்டே வருவார். அன்று காலை அவர் பேச்சு வேறு மாதிரி இருந்தது.

“மேடம், ஒரு டவுட்டு. என்னைப் பார்த்தா இன்னாவா தெரியுது?”

“டிரைவராத் தெரியுதுண்ணே.”

“அது இல்ல மேடம். மன்சன் மாதிரி தெரியுதா?”

முன் சீட்டிலிருந்த ஜெனோவா அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். பழக்கதோஷம். “தெரியுது. ஏன்?”

“ஒருவாசல் தெர்லன்னு சொல்லுது. லைசன்ஸ் ரினிவல் போட்டேன். ‘விண்ணப்பதாரர் மனிதர் என்று உறுதியாகவில்லை’ன்னு வந்துச்சு. திரும்பப் போட்டேன். திரும்பவும் அதே. மூணாவது வாட்டியும் அப்டி வந்துச்சுன்னா அடையாளமே முடக்கமாம். வெள்ளிக்கிழம பன்னண்டு மணிக்குள்ள போடாங்காட்டியும் முடக்கமாம்.”

பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். ஜெனோவாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அடையாளம் முடங்கினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். உரிமம் செல்லாது, உரிமம் செல்லாதவர் விரல் வைத்தால் எந்த வண்டியும் உறுமாது. வேலை போகும். அதோடு நிற்காது. ரேஷன், பஸ் பாஸ், வங்கி, அவர் மனைவிக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மாதாமாதம் கிடைக்கும் இன்சுலின், எல்லாம் அவருடைய ஒரே எண்ணில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

“நேர்ல போய்ச் சொல்ல வேண்டியதுதானண்ணே?”

“போனனே. நேர்ல பேச டோக்கன் வேணுமாம். டோக்கன் ஆன்லைன்லதான் தருவானாம். மன்சனுங்களுக்கு மட்டும்.”

“எந்த இடத்துல நிக்குதுன்னு கவனிச்சீங்களா?”

“எல்லாம் கரீட்டாத்தான் போவும் மேடம். ‘தாயார் பெயர்’னு ஒரு கட்டம் வரும். ரேஷன் கார்டுல எங்கம்மா பட்டம்மாள். ஆனா தெரு மொத்தமும் சின்னப்பொண்ணுன்னுதான் கூப்டும். பட்டம்மாள்னு எழுதப் போனா யாரோ வேத்தாள் பேர எழுதுற மாதிரி கீது. அங்க ஒரு நிமிசம் கை நின்னுடுது.”

ஜெனோவா திரும்பி உட்கார்ந்தாள். கை நின்றுவிடுகிறது. அவளுடைய பதினெட்டாவது டேக் நாற்பத்தொரு லட்சம் பக்கங்களில் காத்துக்கொண்டிருப்பது அதற்காகத்தான்.

*

அந்த டேக் யாரிடம் போய்க் கோள் சொல்லுகிறது என்று கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு நாட்கள் ஆயின. வெளிநாட்டுச் சதி ஒன்றை அவள் உறுதியாக எதிர்பார்த்திருந்தாள். சிங்கப்பூரிலோ சைப்ரஸிலோ ஒரு மர்ம முகவரி. கடைசியில் அது போய்ச் சேர்ந்த இடம் அதே கட்டடத்தின் தரைத்தளம், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்து அறை. கதவில் ‘மெய்யன்’ என்று எழுதியிருந்தது. உள்ளே இரண்டு பீரோ உயரத்துக்கு இயந்திரங்கள், நெற்றியில் போன ஆயுதபூஜையின் சந்தனம் காய்ந்துபோய். யாரையும் சந்தேகப்படாதது போல அவை உறுமிக்கொண்டிருந்தன.

பரந்தாமன் மறைக்கவில்லை. கேட்க ஆள் கிடைத்த மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரிந்தது.

“உட்காரும்மா. போலி விண்ணப்பம்தான் இந்த நாட்டைப் பிடிச்ச நோய். மெஷினை வச்சு ஆயிரம் ஆயிரமா விண்ணப்பம் போடறான். எது மனுஷன், எது மெஷின்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? அதுக்குத்தான் மெய்யன். ஏழு வருஷமாக் கத்துக்கிட்டு இருந்தது. ரெண்டு வருஷமா முடிவெடுக்குது.”

“யார்கிட்டருந்து சார் கத்துக்கிட்டது?”

“மக்கள்கிட்டருந்து! ஒரு நாளைக்கு அறுபத்தஞ்சு லட்சம் வருகை. அதுல பெரும்பாலானவங்க எப்படி நடந்துக்கறாங்களோ அதுதான் மனுஷ இயல்பு. அதுலேருந்து ரொம்ப விலகினா சந்தேகம். நாம ஒண்ணுமே சொல்லிக் கொடுக்கலைம்மா. தூய ஜனநாயகம்.”

“தயங்கறவங்கல்லாம் சந்தேகமா சார்?”

“உண்மை பேசறவனுக்கு யோசிக்க என்ன இருக்கு?” அவர் மேஜையைத் தட்டினார். “ரெண்டு வருஷத்துல ஒன்பது லட்சம் போலிகளை முடக்கியிருக்கோம்.”

“அந்த ஒன்பது லட்சத்துல யாராவது வந்து, நான் போலி இல்லைன்னு சொல்லலையா?”

“எப்படிச் சொல்லுவான்? டோக்கன் வேணுமே.”

இதை அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஜெனோவா எழுந்துகொண்டாள். கதவருகே வந்ததும் நின்று கேட்டாள்: “இந்த டேக் ஏன் சார் பட்டியல்ல இல்ல?”

“பட்டியல்ல போட்டா நீங்க ஆடிட் பண்ணிடுவீங்களே!”

*

புதன்கிழமை மாலை தணிகாசலம் அவளைப் பெரம்பூருக்கு அழைத்துப் போனார். ஒரு பிரியாணிக் கடையின் மாடியில் பலகை தொங்கியது: ‘மெய்யன் பயிற்சி மையம். நூறு சதவீதம் மனிதர். உத்தரவாதம்.’ நடத்தியவர் ரகுநாதன் மாஸ்டர். முன்பு மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர். இரண்டு வகுப்புகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று அவரே சொன்னார்.

நாற்பது பேர் பெஞ்சுகளில் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மீன்காரம்மா, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு ஓர் இளம் டாக்டர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். மாஸ்டர் ஸ்கேலால் மேஜையைத் தட்டினார்.

“பக்கம் வந்தாச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. கிளிக்! அடி வரைக்கும் போகணும். பின்னாடி திரும்பக் கூடாது. ஐயா, இன்னா பண்றீங்க?”

“அதுல என்னமோ நிபந்தனைன்னு போட்டிருந்தது. படிச்சேன்,” என்றார் தலைமையாசிரியர்.

“படிப்பீங்களா? படிச்சுப் படிச்சுத்தானே ரெண்டு தபா ஃபெயிலானீங்க! படிக்கறவன் உருப்பட மாட்டான்னு எத்தினி வாட்டி சொல்றது? ஒண்ணு, ரெண்டு...”

நாற்பது கட்டைவிரல்கள் ஒரே நேரத்தில் இறங்கின. ஜெனோவா மேஜையருகே போனாள்.

“மாஸ்டர், நாலு விநாடின்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“ஆராய்ச்சி மேடம். பாஸ் ஆனவங்களை உக்கார வச்சு அளந்து பார்த்தேன். மூணுல போனா அறுபது மார்க்கு. அஞ்சுல போனா அறுபத்தஞ்சு. நாலுல போனா நூத்துக்கு நூறு. ஏன்னு தெரியாது. எவனோ ஒரு நல்ல மனுசன் அப்படி நடந்துக்கறான் போல.”

ஏன் என்று ஜெனோவாவுக்குத் தெரிந்துவிட்டது. நான்கு விநாடி, அடிவரை, பின்னால் திரும்பாமல். அந்த நல்ல மனிதனோடு அவள் ஆறு ஆண்டுகளாகப் பழகியவள்.

*

அவன் பெயர் தும்பி. நாற்பத்தொரு லட்சம் பக்கங்களையும் ஓர் ஆள் திறந்து பார்த்து முடிக்க முடியாது. அதனால் தணிக்கைக்கென்று ஒரு நிரல் இருந்தது. மனிதரைப் போலவே உள்ளே நுழையும், பக்கத்தைத் திறக்கும், டேக்குகள் எல்லாம் எழுந்து உட்காரக் கொஞ்ச நேரம் கொடுக்கும், அடிவரை போகும், அடுத்த பக்கம். ஏழாவது மாடியில் முந்நூறு கணினிகளில் முந்நூறு தும்பிகள் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தன. ஆறு ஆண்டுகளுக்கு முன் அதைப் பொருத்தியவள் ஜெனோவாதான். அமைப்புப் படிவத்தின் முதல் பக்கத்தில் ‘ஒவ்வொரு பக்கத்திலும் எத்தனை விநாடி?’ என்ற கேள்விக்கு நான்கு என்று நிரப்பியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

வியாழக்கிழமை காலை மெய்யனின் பதிவுகளை எடுத்துப் பிரித்தாள். நாளொன்றுக்கு அறுபத்தைந்து லட்சம் வருகைகள். அவற்றில் அறுபத்து நான்கு லட்சம் ஏழாவது மாடியிலிருந்து போனவை. நாட்டு மக்கள் என்று மெய்யன் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது தும்பியைத்தான். மிக உண்மையான மனிதர்கள் என்று அது வரிசைப்படுத்திய முதல் முந்நூறு பேரும் சோதனைக் கணக்குகள்: ‘பெயர்: சோதனை ஒன்று. தந்தை பெயர்: சோதனை. தாயார் பெயர்: சோதனை.’ தாயார் பெயரில் ஒருவருக்கும் கை நிற்கவில்லை.

இது நடக்காமல் தடுக்க ஒரு கட்டம் உண்டு. தும்பியின் அமைப்புப் படிவத்தில் இரண்டாம் பக்கம்: ‘நம் சொந்த வருகைகளைக் கணக்கில் சேர்க்காதே.’ அதில் டிக் போட்டால் தும்பி போன தடம் எந்தக் கணக்கிலும் விழாது. ஜெனோவா அந்தப் பக்கத்தைத் திறந்தாள். கட்டம் காலியாக இருந்தது.

யாரோ டிக்கை எடுத்திருக்கிறார்கள்.

யார் என்பதில் அவளுக்கு அதிக நேரம் சந்தேகம் இருக்கவில்லை. அறுபத்தைந்து லட்சம் என்ற எண்ணால் யாருக்கு லாபமோ அவர். படி இறங்கி நேரே பரந்தாமனின் அறைக்குப் போனாள்.

அவர் முழுவதும் கேட்டார். நெற்றியைத் தடவிக்கொண்டார். “அப்ப நிஜமான மக்கள் எத்தனை பேர் வராங்க?”

“ஒரு லட்சத்துச் சொச்சம் சார். அதுல பாதிப் பேர் ‘கடவுச்சொல் மறந்துவிட்டதா’ பக்கத்துலயே நிக்கறாங்க.”

“யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்ல. கட்டத்துல டிக்கை எடுத்தது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?” என்றாள், கண்களை அவர் முகத்திலிருந்து எடுக்காமல்.

“என்னையா கேக்கற? அந்தப் படிவம் எந்தப் பக்கம் இருக்குன்னே எனக்குத் தெரியாதும்மா.” அவர் முகத்தில் திடுக்கிடல் இருந்தது. நல்ல நடிகர் என்று ஜெனோவா நினைத்துக்கொண்டாள். “இதைப் பாரு. நாளைக்கு விழா. அமைச்சர் வரார். மேடையில பெரிய போர்டு வச்சிருக்கோம், வருகை எண்ணிக்கை ஓடிக்கிட்டே இருக்கும். மெய்யன் தேர்ந்தெடுத்த முன்மாதிரிக் குடிமகனுக்குக் கேடயம் வேற அடிச்சாச்சு. திரு. சோதனை நூற்று நாற்பத்தேழு. வடநாட்டுப் பேரோன்னு நினைச்சேன். திங்கட்கிழமை ஒரு குழு போட்டுப் பார்த்துக்கலாம். அதுவரைக்கும் அந்தக் கட்டத்தைத் தொடாதே. உன் ஒப்பந்தம் எப்ப முடியுது?”

“இந்த மாசக் கடைசியில சார்.”

“அதான்,” என்றார் பரந்தாமன் அன்பாக.

*

அன்று மாலை வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து அவள் தணிகாசலத்துக்கு விளக்கினாள்.

“ஒரு கல்யாண மண்டபம்னு வச்சுக்கோங்கண்ணே. வாசல்ல ஒரு வாட்ச்மேன். சொந்தக்காரங்களை மட்டும் உள்ள விடணும். யாரு சொந்தக்காரங்கன்னு அவனுக்கு யாரும் சொல்லலை. உள்ள எட்டிப் பார்க்கறான். எல்லாரும் ஒரே மாதிரி மெரூன் சட்டை, கையில பக்கெட்டு, விறுவிறுன்னு நடக்கறாங்க. ஓஹோ, இவங்கதான் சொந்தக்காரங்கன்னு முடிவு பண்ணிட்டான்.”

“பந்தி பரிமாறுற கேட்டரிங் ஆளுங்களா?”

“அவங்களேதான். அப்புறம் பட்டு வேட்டி கட்டிக்கிட்டு, மொய்க் கவரைத் தேடிக்கிட்டு, மெதுவா ஒருத்தர் வராரு. சந்தேகமா இருக்கேன்னு வெளியே தள்ளிட்டான்.”

“யாரு அது?”

“பொண்ணுக்குத் தாய்மாமன்.”

தணிகாசலம் துரைப்பாக்கம் சிக்னல் வரை சிரித்தார். பிறகு கேட்டார்: “அப்ப நான் இன்னா மேடம் பண்ணணும்?”

“மெரூன் சட்டை போட்டுக்கோங்க. மாஸ்டர் சொன்ன மாதிரியே பண்ணுங்க.”

மறுநாள் காலை வேனில் பேச்சே இல்லை. தணிகாசலம் நேராகப் பார்த்து ஓட்டினார். ஒவ்வொரு சிக்னலிலும் அவர் உதடுகள் அசைந்தன: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. கட்டைவிரல் ஸ்டியரிங்கின் மேல் இறங்கியது. ஜெனோவா “வீட்டுல எப்படிண்ணே இருக்காங்க?” என்று கேட்டதற்கு, நான்கு விநாடி கழித்து, “நல்லா இருக்காங்க” என்றார். அவ்வளவுதான். ஆறு ஆண்டுகளில் அவர் அவளுக்குச் சொன்ன மிகச் சுருக்கமான பதில் அது.

“பத்தரைக்கு ராகுகாலம். பத்துக்கே போட்டுடறேன்,” என்றார் இறங்கும்போது.

ஏழு மாடி ஏறும்போது அந்தக் கட்டைவிரல்தான் அவள் கண்ணில் நின்றது. அவர் தேறிவிடுவார். அதற்குப் பின்? ரினிவல், ரேஷன், ஆஸ்பத்திரி என்று ஒவ்வொரு தரமும் இப்படித்தான் உதடு அசைக்க வேண்டும். ஊர் மொத்தமும் அசைக்க வேண்டும். ஒன்பது ஐம்பதுக்குத் தும்பியின் அமைப்புப் படிவத்தைத் திறந்தாள். இரண்டாம் பக்கம். டிக் போட்டாள். பழைய கணக்கிலிருந்து தும்பிகளை உதறிவிட்டு, மனிதர்களை மட்டும் வைத்து மெய்யன் மறுபடி கற்றுக்கொள்ள எட்டு நிமிடம் ஆகும் என்று திரை சொன்னது.

மூன்றாவது நிமிடம் அவளுக்கு உறைத்தது.

இனிமேல் மனிதர்தான் மனிதர். நான்கு விநாடிக்கு ஒரு தரம் விரல் இறக்குகிறவர்தான் இயந்திரம். பத்து மணிக்கு வேனில் உட்கார்ந்து ஒருவர் ஒன்று, இரண்டு என்று எண்ணப் போகிறார். அது அவருடைய மூன்றாவது முயற்சி. போனில் கூப்பிடவும் முடியாது; முன்னாலேயே ஆரம்பித்திருந்தால்? படிவம் பாதியில் இருக்கும்போது அழைப்பு வந்தால் பக்கம் அறுந்துவிடும், அதுவும் தவறிய முயற்சிதான்.

ஜெனோவா ஓடினாள். விழாவுக்காகப் படிக்கட்டு நெடுகிலும் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். மாடிக்கு மாடி பரந்தாமன் அவள் கூடவே இறங்கி வந்தார். ஆறாவது மாடியில் நெருப்பு, ஐந்தாவதில் சக்கரம். நான்காவதில், “முன்மாதிரிக் குடிமகன் திரு. சோதனை நூற்று நாற்பத்தேழு அவர்கள் தன்னடக்கத்தின் காரணமாக மேடைக்கு வரவில்லை” என்றார். கைதட்டல். இரண்டாவது மாடியில் கூட்டத்தில் ஏதோ சலசலப்பு. தரைத்தளத்தில் அரங்கத்தின் திறந்த கதவைக் கடந்தபோது மேடைப் பலகையை ஓரக்கண்ணால் பார்த்தாள். இருபத்தாறு லட்சமாக இருந்தது முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டாகி நின்றது. “மக்கள் அனைவரும் இந்த விழாவை நேரலையில் கண்டுகொண்டிருப்பதால் தளத்துக்கு வரவில்லை என்பதையே இது காட்டுகிறது!” என்று பரந்தாமன் முழங்கினார். அமைச்சரும் கைதட்டினார்.

வேன் மரத்தடியில் நின்றது. தணிகாசலம் ஸ்டியரிங்கில் போனைச் சாய்த்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

“அண்ணே! நிறுத்துங்க! எண்ணாதீங்க!” அவளுக்கு மூச்சு வாங்கியது. “எங்க இருக்கீங்க?”

“போச்சு மேடம்.” அவர் திரையைக் காட்டினார். “மொத ரெண்டு பக்கம் கரீட்டா நாலு நாலுல தாண்டினேன். இங்க வந்தேன். நாலு எண்ணிட்டேன். அஞ்சு, ஆறுன்னு அது பாட்டுக்குப் போய்க்கினே கீது. கை வர்ல. நாலு செகண்டுல எங்கம்மா பேரு வர்ல மேடம்.”

திரையில் ‘தாயார் பெயர்’ கட்டம் காலியாக மின்னிக்கொண்டிருந்தது.

“எவ்வளவு நேரமா நிக்கறீங்க?”

“அஞ்சு நிமிசம் இருக்கும். பத்து வரிக்கும் மனசு பொறுக்கல, முன்னாடியே ஆரம்பிச்சுட்டேன்.”

ஜெனோவா வேனின் படியில் உட்கார்ந்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “நில்லுங்கண்ணே. இன்னும் கொஞ்ச நேரம்கூட நில்லுங்க. நிதானமா எழுதுங்க.”

அவர் ஒற்றை விரலால் ‘சின்னப்பொண்ணு’ என்று எழுதினார். யோசித்தார். அழித்தார். ‘பட்டம்மாள்’ என்று எழுதினார். முந்தைய பக்கத்துக்குப் போய்க் கதவு எண்ணைச் சரிபார்த்துவிட்டு வந்தார். நிபந்தனைகளைப் படித்து ஒன்றும் புரியவில்லை என்று திரும்பவும் படித்தார். அனுப்பினார். திரை ஒரு சுற்றுச் சுற்றியது.

‘உறுதி செய்யப்பட்டது. நீங்கள் மனிதர்.’

“அப்பாடா,” என்றார் தணிகாசலம். “அம்பத்திரண்டு வருசம் கழிச்சு ஒத்துக்கினான்.” விரலை வைத்தார். வேன் உறுமியது.

அன்று காலை ரகுநாதன் மாஸ்டரின் மாணவர்கள் நாற்பது பேரும் தவறினார்கள். சந்தேகத்தின் பலனை அளித்து ஆணையம் எல்லோருக்கும் இன்னொரு வாய்ப்புத் தர வேண்டியதாயிற்று. முடக்கிய ஒன்பது லட்சம் பேரையும் மெய்யன் மறுபடி பார்க்க ஆரம்பித்தது. திங்கட்கிழமை பெரம்பூரில் பலகை மாறியிருந்தது: ‘இயல்பாகத் தயங்கக் கற்றுத் தரப்படும்.’

*

ஜெனோவாவை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் ஏன் என்று சொல்ல வேண்டும். அதைவிட, ஆறு ஆண்டுகளாக ஆணையத்தை ஏமாற்றிய கை எது என்று கண்டுபிடிக்க ஒரு விசாரணைக் குழு தேவைப்பட்டது; சந்தேகப்படத் தெரிந்தவர் என்று பரந்தாமன் அவளையே அதில் போட்டார். ஒப்பந்தமும் ஓர் ஆண்டுக்கு நீண்டது.

அவள் பதினொரு பேர் கொண்ட பட்டியல் ஒன்றைத் தயாரித்தாள். முதல் பெயர் பரந்தாமன். யார், எந்த நாளில் அந்த டிக்கை எடுத்தார் என்று நிரூபிப்பதற்கு நல்ல சாட்சி இருந்தது: பதினெட்டாவது டேக். ஊழியர்களின் உள்படிவங்களிலும் அதுதான் ஒன்பது ஆண்டுகளாக உட்கார்ந்திருந்ததே. தும்பியின் அமைப்புப் படிவம், இரண்டாம் பக்கம், வந்துபோனவர்கள் எல்லோரையும் காட்டு என்று கேட்டாள்.

ஆறு ஆண்டுகளில் அந்தப் பக்கத்துக்கு மூன்றே வருகைகள். ஒன்று விழா நாளில் அவள் டிக் போட்டது. ஒன்று அதற்கு முதல் நாள் அவள் திறந்து பார்த்தது. எடுத்தவர் என்று யாரும் இல்லை. எடுப்பதற்கு அங்கே டிக் இருந்ததே இல்லை.

மூன்றாவது, படிவத்தை முதன்முதலில் நிரப்பிய வருகை. ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை, மாலை நான்கு ஐம்பத்தெட்டு. நிரப்பியவர்: ஜெனோவா. பக்கத்தில் இருந்த நேரம்: நான்கு விநாடி.